ஆயா படிச்ச காலேஜ்!

செமஸ்டர் எப்படிப் போச்சு?

ஓகே ஓகே, முறைக்காதீங்க. கேட்கக் கூடாத கேள்விதான். வேற ஒண்ணு கேட்கிறேன். 'சுற்றுச்சூழல் அறிவியல்'னு ஒரு பேப்பர் எழுதினீங்களே, அதுல இருந்து இப்போ என்ன ஞாபகம் இருக்கு?

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஜெராக்ஸ் வாங்கி, ரெண்டு மணி வரைக்கும் உருப்போட்டு, காலையில பேப்பர்ல கொட்டிட்டு, மத்தியானம் கேன்டீன் வந்ததும் மூளையில இருந்து மொத்தமா அழிச்சுட்டோம். ஓசோன்ல ஓட்டை, அமில மழை, 'பல்லுயிர்ப் பெருக்கம் - சிறு குறிப்பு வரைக'... அவ்வளவுதானே? டோன்ட் ஒர்ரி. நானும் உங்க கட்சிதான்.

இந்தப் பேப்பர் நம்ம தலையில வந்து விழுந்த கதை தெரியுமா? எம்.சி.மேத்தானு ஒரு வக்கீல். கங்கை அழுக்காகுது, தாஜ்மகால் கறுக்குதுனு கோர்ட் படியேறி வழக்கு போட்டவர். அவர் தொடுத்த ஒரு வழக்குலதான் 1991-ல், பள்ளி, கல்லூரி எல்லாத்திலும் சுற்றுச்சூழலைப் பாடமா வைக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, நாட்டின் பெரிய கோர்ட்டே உத்தரவு போட்டு வந்த பாடம். அதைத்தான் நாம மூணு மணி நேர ஜெராக்ஸா சுருக்கி வெச்சிருக்கோம்!

எனக்கு அந்தப் பேப்பர்ல 'ஓ' கிரேடு. சிவில் இன்ஜினீயரிங் மூணாம் வருஷம். ஊர், விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் ஒரு கிராமம். ரிசல்ட் வந்த அன்னிக்கு செம கெத்தா எங்க ஆயாகிட்ட போய்ச் சொன்னேன்.

"இன்னாடா பாடம் அது?"

"மரம், மண்ணு, தண்ணி இதைப் பத்தியெல்லாம் ஆயா."

ஆயா ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. ஐயனாருக்குப் பின்னாடி நிக்கிற ஒரு மரத்தைக் காட்டி, "இது இன்னா மரம், சொல்லு?" ன்னுச்சு.

சின்ன வயசுல நான் ஏறி விழுந்து கையை உடைச்சுக்கிட்ட மரம் பாஸ் அது. பேர் தெரியலை. முழிச்சேன்.

"வீரைடா. இதுகூட சொல்லித் தராம இன்னாடா காலேஜு?"

அன்னிக்கு விழுந்த அடிதான் இந்த வாரக் கட்டுரை.

நானூறு பேர் காலேஜ்!

உலகத்துல சில காலேஜ்கள் இருக்கு. ரொம்பச் சின்னது. டவுனுக்குத் தள்ளி, காட்டுக்கோ வயலுக்கோ நடுவுல இருக்கும். இலக்கியம், வரலாறு, உயிரியல், பொருளாதாரம்னு எல்லாத்தையும் கலந்து படிக்கலாம். ஆனா, எல்லாப் பாடமும் கடைசியில ஒரே கேள்வியில வந்து முடியும்: 'இந்த மண்ணை, தண்ணியைக் கெடுக்காம மனுஷன் எப்படி வாழறது?'

அமெரிக்காவில் மெயின் மாநிலத்துல பார் ஹார்பர்னு ஒரு கடலோர ஊர். அங்கே 1969-ல் ஆரம்பிச்சது 'காலேஜ் ஆஃப் தி அட்லான்டிக்'. 1972-ல் முதல் வகுப்பு நடந்தப்போ மொத்த ஸ்டூடன்ட்ஸே 32 பேர்! இப்பவும் நானூறைத் தொடலை. எங்க காலேஜ்ல ஒரு டிபார்ட்மென்ட் ஸ்ட்ரென்த் அது. எல்லாருக்கும் ஒரே டிகிரிதான், 'மனிதச் சூழலியல்'. காலேஜுக்குச் சொந்தமா பண்ணை இருக்கு. 2007-ல் அமெரிக்காவின் முதல் 'கார்பன் நியூட்ரல்' காலேஜுனு பேர் வாங்கினதும் இதுதான்.

கேட்கவே ஜோரா இருக்குல்ல? இன்னொண்ணையும் கேளுங்க. அதே அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துல 'கிரீன் மவுன்டன் காலேஜ்'. 1834-ல் பிறந்தது. பிற்காலத்துல சுற்றுச்சூழலையே மையமா வெச்சுப் பாடம் நடத்தி நல்ல பேர் எடுத்தது. சேர்ற பசங்க குறைஞ்சாங்க, கடன் ஏறுச்சு. 2019-ல் இழுத்து மூடிட்டாங்க. 185 வருஷக் கதை க்ளோஸ்!

பூமியைக் காப்பாத்தச் சொல்லிக் கொடுத்த காலேஜால தன்னைக் காப்பாத்திக்க முடியலை. இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வரலை. 'இதையெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா?'னு எங்க அப்பா கேட்கிற அதே கேள்வியைத்தான் அந்த ஊர் அப்பாக்களும் கேட்டிருப்பாங்கனு தோணுச்சு.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஐடியா'னு நினைக்காதீங்க. நம்ம காந்தித் தாத்தா 1937-லேயே வார்தா மாநாட்டுல, கையால வேலை செஞ்சுக்கிட்டே படிக்கிற கல்வியைப் பத்திப் பேசியாச்சு. தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி.குமரப்பா, லண்டன்ல கணக்கு படிச்சவர். கோட்டு சூட்டைக் கழட்டி வெச்சுட்டு காந்தியோடு வந்தார். ஜெயில்ல உட்கார்ந்து 'நிலைத்து நிற்கும் பொருளாதாரம்' பத்தி ஒரு புத்தகமே எழுதினார். 'சஸ்டெய்னபிலிட்டி'ங்கிற வார்த்தை ஃபேஷன் ஆகிறதுக்குப் பல வருஷம் முன்னாடி! திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் ஆரம்பிச்சாங்க. 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னு வளர்ந்து இன்னிக்கும் நடக்குது.

சரி, எங்க வானூருக்கு வருவோம். எங்க ஊர்லயும் அப்படி ஒரு காலேஜ் இருக்கு. ஆனா போர்டு இல்லை, டிகிரி இல்லை, அட்டெண்டன்ஸும் இல்லை. எங்க ஆயா அங்கேதான் படிச்சுது!

செம்மண் கேம்பஸ்

ஆரோவில்னு சொன்னா உங்களுக்கு தங்கக் கலர் மாத்ரி மந்திர் உருண்டை ஞாபகம் வரும். செல்ஃபி எடுத்துட்டு, அப்படியே பாண்டிச்சேரி பீச்சுக்குக் கிளம்பியிருப்பீங்க. அந்த ஆரோவிலின் பெரும்பகுதி இருக்கிறது வானூர் தாலுகாவுலதான்.

1968 பிப்ரவரி 28-ம் தேதி அதைத் தொடங்கினப்போ இந்த மேட்டு நிலம் எப்படி இருந்தது தெரியுமா? ஆயா சொல்லும்... "பனை மரத்தைத் தவிர நிழலே கிடையாது கண்ணு. மழை பேஞ்சா ஓடையெல்லாம் ரத்தம் மாதிரி ஓடும்." மேல்மண்ணு மொத்தமும் மழையில கரைஞ்சு கடலுக்குப் போய்க்கிட்டு இருந்தது. காடு போனதால மண்ணு போச்சு, மண்ணு போனதால தண்ணி போச்சு. இது எங்க ஜெராக்ஸ்ல 'மண் அரிப்பு - 2 மார்க்' னு இருக்கு.

வந்து குடியேறினவங்களுக்கு ஊர் கட்டுறதுக்கு முன்னாடி மண்ணைப் பிடிச்சு நிறுத்த வேண்டியிருந்தது. வயலைச் சுத்தி வரப்பை உயர்த்திக் கரை போட்டாங்க. ஓடையில தடுப்பணை கட்டினாங்க. அப்புறம் குழி, கன்று, குழி, கன்று... பல லட்சம் மரங்கள். குழி வெட்டினதுல, தண்ணி சுமந்ததுல பெரும்பங்கு சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்க. அதுல ஒருத்தி, அப்போ பதினாறு வயசுல இருந்த எங்க ஆயா.

முதல்ல வெச்ச மரங்கள்ல முக்கியமானது ஆஸ்திரேலியா பக்கத்து அக்கேசியா. சட்டுனு வளரும். இலை கொட்டி மண்ணை வளப்படுத்தும். அதுக்கு அங்கே வெச்ச பேரே 'வொர்க் ட்ரீ'! அதோட நிழல்லதான் நம்ம ஊர்க் கன்றுகளை வளர்த்தாங்க. வீரை, பாலை, காயா, கருங்காலி இதெல்லாம் சோழ மண்டலக் கரையோரம் காணக் கிடைக்கிற ஒரு வகைக் காட்டோட மரங்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. மழை கம்மிதான், ஆனாலும் வருஷம் பூரா பச்சையா நிக்கும்.

அதுக்கெல்லாம் விதைக்கு எங்கே போனாங்க? இங்கேதான் ஃப்ரெண்ட்ஸ் மேட்டரே இருக்கு! இந்தக் காடு கரையோரம் எல்லா இடத்திலும் அழிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது பெரும்பாலும் கோயில் காட்டுலதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில போனா புத்துப்பட்டு ஐயனார் கோயிலைப் பார்த்திருப்பீங்க. அதைச் சுத்தி நிக்கிறது அந்தப் பழைய காடு. 'கிளையை ஒடிச்சா ஐயனார் சும்மா விடமாட்டாரு'ங்கிற பயம், எந்த ஃபாரஸ்ட் ஆபீசரும் செய்யாத வேலையைச் செஞ்சிருக்கு. எந்த விதை எந்த மாசம் உதிரும், எது ஊறினா முளைக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

2011 டிசம்பர் 30. 'தானே' புயல் கரை கடந்தது. எனக்கு அப்போ சின்ன வயசு. ராத்திரி முழுக்க ஊளைச் சத்தம், அது மட்டும் ஞாபகம் இருக்கு. காலையில ஆரோவில் பக்கம் வொர்க் ட்ரீ எல்லாம் ஆயிரக்கணக்குல சாய்ஞ்சு கிடந்தது. நம்ம ஊர் மரங்கள்தான் பெரும்பாலும் தாக்குப் பிடிச்சு நின்னுச்சு. ஆயாவுக்கு அதுல ஆச்சரியமே இல்லை. "வந்தவன் சீக்கிரம் வளர்ந்தான், சீக்கிரம் போனான். இருந்தவன் வேரை இறக்கிட்டுத்தான் தலையைத் தூக்குவான்."

இதுதான் ஃபவுண்டேஷன் இன்ஜினீயரிங். எனக்கு அது அஞ்சாவது செமஸ்டர்லதான் வந்தது.

ஒரே குழி, ரெண்டு பேர்

இந்தக் கட்டுரைக்காகப் போன மாசம் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் சுத்தினேன். இருபது வருஷமா பஸ்ல அந்தக் காட்டைத் தாண்டித்தான் போறேன். இறங்கினது ரெண்டு தடவை. அதுல ஒண்ணு ஸ்கூல் டூர்!

காடு வளர்க்கிற இடங்கள்ல எங்கெங்கோ இருந்து வந்த பசங்க தங்கி வேலை செய்றாங்க. 2003-ல் சுமார் 70 ஏக்கர்ல ஆரம்பிச்ச 'சாதனா ஃபாரஸ்ட்' மாதிரியான இடங்களுக்கு உலகம் பூராவும் இருந்து வாலண்டியர்ஸ் வர்றாங்க. காலையில எழுந்து குழி வெட்டணும், மூடாக்கு போடணும், சமைக்கணும், பாத்திரம் கழுவணும். தண்ணியில்லாத உலர் கழிப்பறையை எப்படிப் பயன்படுத்தறதுங்கிறதுகூடப் பாடம்தான்.

வழியில ஒரு அண்ணனைப் பார்த்தேன். புனேல சாஃப்ட்வேர் வேலை. ஒரு மாசம் லீவு போட்டுட்டு வந்திருக்கார். கையெல்லாம் கொப்புளம். "லைஃப் சேஞ்சிங் எக்ஸ்பீரியன்ஸ் ப்ரோ" ன்னார். பொய் இல்லை, முகத்துல தெரிஞ்சது. தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் தன் செலவுதானாம்.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட சொன்னேன். ஆயாவுக்கு சிரிப்பு தாங்கலை.

"குழி வெட்ட அவன் காசு குடுக்கறானா? எனக்குக் கூலி குடுத்தாங்களேடா!"

சிரிச்சு முடிச்சுட்டு, வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டுச்சு: "அவனுக்கு சர்ட்டிபிகேட்டு கிர்ட்டிபிகேட்டு எதனா உண்டா?"

எனக்குத் தொண்டையில ஏதோ சிக்கின மாதிரி இருந்தது.

நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரே மண்வெட்டி. ஒரே குழி. ஒருத்தர் வெட்டினா அது 'அனுபவம்'. இன்னொருத்தர் வெட்டினா அது 'கூலி வேலை'. ஒருத்தர் அதை பயோடேட்டாவுல எழுதலாம். எங்க ஆயா தன் பேரனோட அட்மிஷன் ஃபார்ம்ல பாதுகாவலர் தொழில்ங்கிற இடத்துல 'கூலி' ன்னு எழுதச் சொல்லுச்சு.

நான் யாரையும் குத்தம் சொல்லலை. அந்தக் கூலிதான் எங்க வீட்டுல அடுப்பு எரிய வெச்சது. அந்த வேலை இல்லாட்டி எங்க அப்பா பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டார். புனே அண்ணனோட கொப்புளமும் நிஜம்தான். ஆனா, 'கத்துக்கிட்டேன்'னு சொல்லிக்கிற உரிமை ஏன் வெளியில இருந்து வர்றவங்களுக்கு மட்டும் கிடைக்குது? அம்பது வருஷம் அங்கேயே இருந்தவங்களுக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோணவே இல்லை? பக்கத்து ஊர்ல இருந்து அதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்த எனக்கு, 'நாமும் உள்ளே போய்க் கத்துக்கலாம்'னு ஏன் இருபது வயசு வரைக்கும் தோணலை?

பீஸ் கட்ட ஆள் இல்லாம மூடிப் போகுது ஒரு காலேஜ். அது ஒரு வகை சாவு. நல்லா நடந்துக்கிட்டு இருந்தும் பக்கத்துத் தெருப் பையன் படியேறாம இருந்தா, அதுவும் பாதி மூடின மாதிரிதானே?

என் கல்லு உடைஞ்ச கதை

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இப்பவே தலைப்பு கொடுக்கணும்னாங்க. நம்ம பசங்க எல்லாம் 'ஹை பெர்ஃபார்மன்ஸ் கான்கிரீட்'. நான் மட்டும் 'அழுத்தப்பட்ட மண் கல்' ன்னேன். வகுப்பே சிரிச்சது. "கம்பெனிக்காரன் இன்டர்வியூல இதைக் கேட்க மாட்டான்பா" ன்னார் ஒரு சார். அவர் சொன்னதும் உண்மைதான்.

மேட்டர் இதுதான். ஆரோவில்ல 1989-ல் ஆரம்பிச்ச 'எர்த் இன்ஸ்டிட்யூட்' இருக்கு. மண்ணைச் சலிச்சு, நூத்துக்கு அஞ்சு பங்கு சிமென்ட் கலந்து, லேசா ஈரம் காட்டி, மெஷின்ல வெச்சு அழுத்தினா கல் ரெடி. சூளை கிடையாது, விறகு கிடையாது. சுட வேண்டாம், ஈரப்பதத்தோட நாலு வாரம் வெச்சாப் போதும். அதை வெச்சு மாடி, வளைவு, குவிமாடம் எல்லாம் கட்டியிருக்காங்க. ஆரோவில் விசிட்டர்ஸ் சென்டருக்குப் போனா சுவரைத் தொட்டுப் பாருங்க, அந்தக் கல்தான். இதுக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கு, ஐ.எஸ். 1725. அதாவது 'குடிசை மேட்டர்' இல்லை, கோட் புக்ல இருக்கிற சமாச்சாரம்!

ஊர்ல ஒரு மேஸ்திரி அண்ணன்கிட்ட கையால அழுத்துற பிரஸ் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி மண்ணை வெட்டி, புத்தகத்துல இருக்கிற மாதிரியே சிமென்ட் கலந்து பத்து கல்லு போட்டேன். 28 நாள் காத்திருந்தேன். காயும்போதே நாலுல வெடிப்பு. மீதியை லேப்ல சி.டி.எம். மெஷின்ல வெச்சா... முறுக்கு மாதிரி நொறுங்கிடுச்சு. லேப் அட்டெண்டர் அண்ணன், "டீக்கு சைடு டிஷ் ரெடி" ன்னு கலாய்ச்சார்.

நொந்து போய் உட்கார்ந்திருந்தப்போ ஆயா வந்து அந்த மண்ணை உள்ளங்கையில எடுத்துச்சு. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு உருட்டுச்சு. விரல் மாதிரி நீளமாத் திரிச்சுது. உடையலை. "இது ஒட்டு மண்ணுடா. காய்ஞ்சா சுருங்கும், சுருங்குனா வெடிக்கும். மணல் சேரு. அப்புறம்... சலிச்சியா?"

சலிச்சேன், ஆனா ஒழுங்கா சலிக்கலை.

ஆயா செஞ்சது என்ன தெரியுமா? சாயில் மெக்கானிக்ஸ் புத்தகத்துல 'பிளாஸ்டிக் லிமிட்' னு ஒரு சோதனை. மண்ணை மூணு மில்லிமீட்டர் நூலா உருட்டிப் பார்க்கிறது. அதோட பாட்டி அதுதான்! நான் அதை லேப்ல ரெக்கார்டு நோட்டுக்காக செஞ்சிருக்கேன். ரீடிங்கை முன்னாடி பெஞ்ச்ல காப்பி அடிச்சேன்.

ரெண்டாவது பேட்ச்சுக்கு மணல் சேர்த்தோம். இந்தத் தடவை சலிச்சது ஆயா. கல்லுல வெடிப்பு இல்லை. மெஷின்ல வெச்சப்போ முள்ளு ஏறிக்கிட்டே போச்சு. லேப் அட்டெண்டர் அண்ணன் டீயைக் கீழே வெச்சுட்டு வந்து எட்டிப் பார்த்தார். போதும்பா எனக்கு!

இதுல ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. எங்க அப்பா. அவர் டிப்பர் லாரி டிரைவர். வானூர் பக்கம் கல்குவாரியும் கிரஷரும் நிறைய. அங்கே இருந்து ஜல்லியும் எம்.சாண்டும் ஏத்திக்கிட்டு சென்னை வரைக்கும் போவார். என் காலேஜ் பீஸ் வர்றது அந்த ஜல்லியில இருந்துதான்.

"எல்லாரும் மண்ணுலயே வீடு கட்டிட்டா நான் எங்கடா வண்டி ஓட்டுறது?" ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். ஆனா கேட்டுட்டு சாப்பிடாம எழுந்து போயிட்டார். இந்தக் கேள்விக்கு என் ஜெராக்ஸ்ல விடை இல்லை. புனே அண்ணன்கிட்டயும் இருக்காது. ஆனா, சுற்றுச்சூழல் பேப்பர்ல கேட்க வேண்டிய ஒரே பத்து மார்க் கேள்வி இதுதான்னு எனக்குத் தோணுது.

வானூர் காலேஜ் - என் சிலபஸ்!

என்கிட்ட மட்டும் பொறுப்பைக் கொடுத்தா, வானூர்ல நாப்பது பேருக்கு ஒரு காலேஜ் ஆரம்பிச்சுடுவேன். பில்டிங் வேண்டாம், ஒரு டவுன் பஸ் போதும். முதல் செமஸ்டர் பாடங்கள் இதோ...

பேப்பர் 1: கல்லான மரம். இடம், திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அள்ளும். பக்கத்துலயே சுமார் ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி கல்லாகிப் போன மரங்கள் கிடக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-ல் உண்டாக்கின கல்மரப் பூங்கா, 247 ஏக்கர். கிளை, வேர் எதுவும் இல்லாம கட்டை மட்டும் கிடக்கிறதால, வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து புதைஞ்சதுனு சொல்றாங்க. கேள்வி: மரம் கல்லாக எத்தனை காலம்? மலை ஜல்லியாக எத்தனை நாள்?

பேப்பர் 2: சாமி காத்த காடு. இடம், புத்துப்பட்டு. இருபது மரத்தை இலையைப் பார்த்துப் பேர் சொல்லணும். எக்ஸாமினர், எங்க ஆயா. கிரேஸ் மார்க் கிடையாது!

பேப்பர் 3: உப்பு. இடம், மரக்காணம். சங்க இலக்கியம் சொல்ற எயிற்பட்டினம் இதுதான்னு ஆய்வாளர்கள் கருதுற ஊர். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு. அது பாத்தி பாத்தியா மாறி, வெயில்ல சுண்டி, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு ஆன பிறகுதான் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடியே ஜிப்சம் படிஞ்சுடும். ரொம்பவும் சுண்ட விட்டா மக்னீசியம் சேர்ந்து கசக்கும், அதுக்குள்ள மிச்சத் தண்ணியை வடிச்சுடணும். அடுப்பே இல்லாத கெமிக்கல் ஃபேக்டரி, எரிபொருள் சூரியன்! செய்முறைத் தேர்வு: ஏப்ரல் மாச வெயில்ல காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் உப்பு வாரணும். கண்ணு கூசும், கால் வெடிக்கும். அப்புறம் கிலோ உப்பு என்ன விலைனு கடையில பேரம் பேசிப் பாருங்க.

பேப்பர் 4: கண்ணுக்குத் தெரியாத தண்ணி. பூமிக்கடியில தண்ணி தேக்கி வெச்சிருக்கிற ஒரு பாறை அடுக்குக்கு ஜியாலஜிக்காரங்க வெச்ச பேரே 'வானூர் மணற்பாறை'! எங்க ஊர் பேர்ல ஒரு பாறை இருக்கிறது எனக்கே போன வருஷம்தான் தெரியும். போர் போட்டு அதை அளவில்லாம உறிஞ்சினா கடல் தண்ணி உள்ளே வரும். உப்பளத்துல இருக்க வேண்டிய உப்பு வயலுக்கு வரும். களப்பயணம்: கழுவெளி ஏரி. மழைத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற சதுப்பு நிலம். 2021 டிசம்பர்ல 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயம் ஆச்சு. பூநாரை பார்க்க பைனாகுலர் கொண்டு வரவும்.

பேப்பர் 5: ரெண்டு பக்கமும் நியாயம். 2021 டிசம்பர்ல ஆரோவில்ல ரோடு போட மரங்களை வெட்டினாங்க. மரம் வளர்த்தவங்க ஒரு பக்கம். 'அம்பதாயிரம் பேர் வாழற நகரம்னுதானே ஆரம்பத்துல இருந்தே பிளான்?'னு கேட்டவங்க ஒரு பக்கம். 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம், சுற்றுச்சூழல் அனுமதி வாங்காம வேலை செய்யக் கூடாதுனு சொல்லுச்சு. 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செஞ்சது. தேர்வு: முதல் பாதி நேரம் ஒரு கட்சிக்கு வாதாடணும். மறுபாதி எதிர்க்கட்சிக்கு. அதுக்கு முன்னாடி அந்த மரத்துக்குக் குழி வெட்டினவங்க ஒருத்தர்கிட்டயாவது பேசிட்டு வரணும்.

எப்படி? அப்ளை பண்றீங்களா?

கடைசியா ஒண்ணு...

இந்த காலேஜ் வரப்போறதில்லைனு எனக்கும் தெரியும். நானும் அடுத்த வருஷம் டை கட்டிக்கிட்டு கேம்பஸ் இன்டர்வியூல உட்காருவேன். கான்கிரீட் கம்பெனி கூப்பிட்டா போவேன். எங்க அப்பா முதுகு வலிக்கு முன்னாடி என் கொள்கை பெரிசு இல்லை.

ஆனா ஒண்ணு ஃப்ரெண்ட்ஸ். உங்க ஊர்லயும் ஒரு சிலபஸ் இருக்கு. சிவகாசியில ஒண்ணு, திருப்பூர் சாயத்தண்ணியில ஒண்ணு, நெய்வேலி சுரங்கத்துல ஒண்ணு, கொல்லிமலையில ஒண்ணு. அதுக்கு ப்ரொஃபஸரும் உங்க வீட்டுத் திண்ணையிலயே வெத்தலை மென்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஓய்வு பெறுற வயசெல்லாம் தாண்டியாச்சு. அவங்க போனா கூடவே அந்த லைப்ரரியும் போயிடும். இந்த லீவுல ஒரே ஒரு நாள் போனை உள்ளே வெச்சுட்டு, 'இது இன்னா மரம்?'னு நீங்க கேளுங்க. எனக்கு ஆயா கேட்ட மாதிரி உங்களைக் கேட்கிறதுக்கு முன்னாடி!

உங்க ஊர் சிலபஸை அஞ்சு பேப்பரா எழுதி நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. நல்லதைப் போடுறோம்.

அப்புறம்... புராஜெக்ட் ஃபார்ம் கொடுத்துட்டேன். அதுல 'வெளி வழிகாட்டி' ன்னு ஒரு கட்டம் இருந்தது. பேர் எழுதற இடத்துல ஆயா பேரை எழுதினேன். 'நிறுவனம்'ங்கிற இடத்துல வானூர். 'அனுபவம்'ங்கிற இடத்துல அம்பது வருஷம். 'கல்வித் தகுதி'ங்கிற இடத்துல ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'மண்' னு எழுதினேன்.

ஃபார்ம் இன்னும் திரும்பி வரலை. வந்ததும் சொல்றேன்.

அடுத்த வாரம் பார்ப்போமா... பை!